அயிலை, பாரை, சாளை: நான் கையெழுத்துப் போட்ட பொதிகள்

பார்சல் கட்டுகிற தொழிலில் ஒன்று நிச்சயம்: டேப் ஒட்டி, மேலே பேர் எழுதி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போதுதான் உள்ளே வைக்க மறந்த சாமான் மேசைமேல் இருந்து நம்மைப் பார்க்கும். வளைகுடாவுக்கு ஊறுகாய் கட்டியவர்கள், ஹாஸ்டல் பிள்ளைக்கு முறுக்கு டின் கட்டியவர்கள், உங்களுக்கெல்லாம் இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கட்டுவது மென்பொருள் பார்சல். அதில் இன்னும் ஒரு சங்கடம், மறந்த சாமான் கண்ணில் படுவதற்கு மேசைகூடக் கிடையாது.

நாகர்கோவிலில் ஆறு பேர் வேலை பார்க்கிற சின்ன ஆபீஸ் எங்களுடையது. பள்ளிக்கூட, கல்லூரி நூலகங்களுக்கு ஒரு மென்பொருள் செய்கிறோம். அதன் சோர்ஸை, அதாவது எழுதிய நிரல் முழுவதையும், யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். புதுப் பதிப்பு வரும்போது அத்தனை ஃபைலையும் ஒரே பொதியாகக் கட்ட வேண்டும். அந்தப் பொதிக்கு ஒரு செக்சம் எடுக்க வேண்டும். அது எழுத்தும் எண்ணுமாக நீளமாக வரும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் மொத்தமும் மாறிவிடும். பிறகு என்னிடம் மட்டும் இருக்கிற மின்சாவியால் பொதிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். இது சீலி, அதாவது நான், அனுப்பியதுதான், நடுவழியில் யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. என் அப்பா தேங்காய்ப்பட்டணத்தில் மீன் பெட்டியில் ஐஸ் போட்டு அடைத்து, மூடியில் பெயிண்டால் ஓர் அடையாளம் போடுவார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, அதற்குமேல் கம்ப்யூட்டரும் படித்து, அதே வேலையைக் கொஞ்சம் ஈரமில்லாமல் செய்கிறேன்.

மகள் ஜெனி பிறந்த பிறகு, வீடு இருக்கிற புதுக்கடையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய்வர முடியவில்லை. வீட்டிலிருந்தே செய்யட்டுமா என்று எங்கள் முதலாளி ஐசக் சாரிடம் கேட்டேன். "மூணு பதிப்பு பாப்போம் பிள்ளே. ஒண்ணாவது பிழையில்லாமப் போச்சுன்னா வீட்டிலேயே இரு. இல்லேன்னா சாவி வேலையை ஆபீஸுக்கு வார ஒரு ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார். சாவி வேலை போனால் எனக்கு வேலையே போன மாதிரி. கணவர் வளைகுடாவில், மாமியாருக்கு முட்டுவலி, மடியில் பிள்ளை. அந்த மூன்று பதிப்பும், அதற்கு முன்னால் பட்ட பாடும்தான் கீழே வருவது.

ஜெயசீலனைத் தெரியுமா?

மின்சாவியை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். ஆனால் 'இந்தச் சாவி இன்னாருடையதுதான்' என்று இன்னொருவர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அதற்கு மதிப்பு. எங்கள் சென்னைக் கிளையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிற ரகு, அதற்காகவே ஒருமுறை நாகர்கோவில் வந்தார். "போட்டோ உள்ள அடையாளச் சான்று ஏதாவது காட்டுங்க, சாவியில இருக்கிற பேரோட ஒத்துப்போகணும்" என்றார். ஒரு நிமிட வேலை என்று அவர் நினைத்திருந்தார், பாவம்.

சாவியில் என் பேர் மரிய ஜெயசீலி. ஞானஸ்நானச் சீட்டிலும் அதுதான், ஆனால் அதில் போட்டோ இல்லை. பள்ளிச் சான்றிதழில் மரியாவைச் சுருக்கி எம். ஜெயசீலி. பாஸ் புத்தகத்தில் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிவிட்டது. ரேஷன் கார்டில் அப்பா வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லிவிட்டதால் பேபி. போட்டோ இருந்த ஒரே அட்டையில் என் முகத்துக்குப் பக்கத்தில் 'ஜெயசீலன், ஆண்' என்று அச்சாகியிருந்தது. ரகு ஐந்தையும் மேசைமேல் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்துப் பார்த்தார். நல்லவேளையாக, வளைகுடா போகிற ஆசையில் எடுத்து வைத்த பாஸ்போர்ட் பையின் அடியில் கிடந்தது. அதில் பேர் சரி, முகமும் ஏறக்குறைய சரி. ரகு என் சாவிக்குச் சாட்சி போட்டுவிட்டு, எழும்போது சொன்னார்: "உங்க சாவி ஓகே. ஜெயசீலனைப் பார்த்தா நான் விசாரிச்சதாச் சொல்லுங்க."

மீன் பாஷை

மெயிலில் அனுப்பியதை மெயிலிலேயே சரிபார்த்தால் என்ன பிரயோசனம்? அதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் செக்சத்தை நான் போனில் படிப்பேன், ரகு சென்னையில் உட்கார்ந்து ஒத்துப் பார்ப்பார். அதில் எண்களோடு ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்தும் கலந்து வரும். பி, சி, டி, ஈ நாலும் போனில் ஒரே சத்தம். அதுவும் எங்கள் ஊர் இழுப்பில் படித்தால் பாட்டு மாதிரி கேட்கும், எழுத்து விளங்காது. ஆங்கில வார்த்தை சொல்லிப் படிக்கிறவர்கள் உண்டாம். எனக்கு அவசரத்தில் வாயில் வந்தது பிறந்த ஊர்தான். ஏ-க்கு அயிலை, பி-க்கு பாரை, சி-க்கு சாளை, டி-க்கு திருக்கை, ஈ-க்கு இறால். எஃப்-க்கு எந்த மீனும் அகப்படவில்லை. இங்கிலீஷில் மீனுக்கே எஃப்தானே என்று, வெறும் 'மீன்'.

முதல் தடவை நான் கடகடவென்று, "ஏழு, மீன், மூணு, சாளை, சாளை, ஒம்பது, இறால்" என்று படித்துக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் ரகு சாளைக்கு எஸ் எழுதினார், மீனுக்கு எம் எழுதினார். இரண்டும் செக்சத்தில் வரவே வராத எழுத்து. "சாளைன்னா சி. மீன்னா எஃப். அயிலை ஐ இல்ல, ஏ" என்று விளக்கி, மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். இந்தத் தடவை அவர் ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொல்லி எழுதினார். கடைசி எழுத்து முடிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எல்லாம் ஒத்துப்போகுதுங்க. ஆனா நான் ஹால்ல நின்னு 'பாரை, ரெண்டு சாளை, எறா'ன்னு கத்தினதை எங்க வீட்ல எல்லாரும் கேட்டுட்டாங்க. நாங்க வெங்காயமே சேர்த்துக்க மாட்டோம், சீலி."

ரெண்டு கை

சாவியைத் திறக்க ஒரு ரகசியச் சொற்றொடர் அடிக்க வேண்டும். யாரும் ஊகிக்கக் கூடாது என்று நீளமாக வைத்தேன். வருஷக்கணக்காக அடித்து அடித்து அது மனசிலிருந்து இறங்கி விரலுக்குப் போய்விட்டது. என்னவென்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது, விரலை வைத்தால் தானாக ஓடும். ஜெனி பிறந்த பிறகுதான் தெரிந்தது, அது ரெண்டு கைக்கும் பங்கு போட்ட ஞாபகம் என்று. பிள்ளையை இடது தோளில் போட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் அடித்தால், பாதி சொற்றொடரை இடது கை வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறது. மூன்று தடவை தப்பாக அடித்து, மூன்று தடவையும் வெளியே தள்ளப்பட்டேன்.

"மாமி, பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க, கையெழுத்துப் போடணும்" என்று கூப்பிட்டேன். என் மாமியார் ஏற்கெனவே இந்தச் சாவி விஷயத்தில் சந்தேகமாக இருந்தவர். சாவி தொலைந்தால் வேலை போய்விடும் என்று நான் சொன்ன அன்றே, "அப்பம் இங்க தா, முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிடுதேன்" என்று கையை நீட்டினார். கையில் தர ஒன்றும் இல்லை என்பதை நம்பவே இல்லை. இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பிள்ளையை வாங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலாலும் அடித்தேன், திறந்துவிட்டது. மாமி கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரேகை வைக்கியவளுக்கே ஒரு கை போதும். இத்தனை படிச்ச உனக்கு ரெண்டு கையும் வேணுமா ஏட்டி?"

முதல் பதிப்பு: முந்திப் போன கையெழுத்து

சோதனையின் முதல் பதிப்பு. பொதி கட்டி முடித்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் கம்ப்யூட்டரை எழுப்பினேன். உள்ளே கடிகாரத்துக்கு இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போயிருந்ததால், அது பல வருஷம் பின்னால் போய், ஏதோ ஒரு பழைய ஜனவரி முதல் தேதி என்று நினைத்துக்கொண்டு எழும்பியது. நான் தேதியைப் பார்க்கவில்லை. ஜெனி தூங்கி எழுவதற்குள் முடிக்க வேண்டும், எனக்கு அதுதான் தேதி. கையெழுத்துப் போடப் போனால், 'இந்தச் சாவி எதிர்காலத்தில் உண்டானது' என்று மிஷின் ஏதோ முனகியது. மிஷினுக்கு இப்படி ஆயிரம் முனகல். இதைக் கண்டுகொள்ளாதே என்று சொல்ல ஒரு கட்டளை இருந்தது. அதையும் தேடிப்பிடித்துப் போட்டு, கையெழுத்தையும் போட்டு ஏற்றிவிட்டேன்.

குலசேகரத்தில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் செல்வின் சார். எங்கள் கையேட்டில் 'கையெழுத்தைச் சரிபார்க்கவும்' என்று எழுதியிருக்கிறோம். யாரும் செய்ய மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதியதுதான். இந்த உலகத்தில் அதை ஒரு வரி விடாமல் செய்கிற ஒரே மனிதர் அவர். மறுநாள் காலையிலேயே ஐசக் சாருக்குப் போன் போட்டுவிட்டார். நான் கையெழுத்தைத் திருத்திப் போட்டுவிட்டு, அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். செல்வின் சார் கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார்: "சாவி உண்டானது ஒரு வருஷம், அது போட்ட கையெழுத்து அதுக்கும் அஞ்சாறு வருஷம் முந்தி. பிள்ளை பெறதுக்கு முன்னயே ஞானஸ்நானம் குடுத்திட்டியளே, எப்படிம்மா?"

ரெண்டாம் பதிப்பு: ஒரே பேரில் ரெண்டு பொதி

இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்த்தேன், பேட்டரியை மாற்றினேன், ஜெனியைத் தூங்கவைத்தேன், மாமியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கட்டினேன், கையெழுத்திட்டேன், ரகுவுக்கு மீன் படித்தேன், ஏற்றினேன். டீயை வாயில் வைக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, மென்பொருளை எப்படிப் போடுவது என்று சொல்கிற குறிப்பு ஃபைலை உள்ளே வைக்கவில்லை. பார்சல் கட்டியவர்களே, நீங்கள் என்ன செய்வீர்கள்? டேப்பைப் பிரித்து, உள்ளே வைத்து, மறுபடியும் ஒட்டுவீர்கள். நானும் அதையேதான் செய்தேன். அதே பேர், அதே பதிப்பு எண், புதிதாகக் கட்டி, புதிதாகக் கையெழுத்திட்டு, பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தேன். மொத்தமே பத்து நிமிஷம். யாரிடமும் சொல்லவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் பழைய பொதியை இறக்கியிருந்தார்கள். ஒரே பேர், ஒரே எண், ஆனால் செக்சம் வேறு வேறு. யாரோ நடுவில் புகுந்து பொதியை மாற்றிவிட்டார்கள் என்று அவர்கள் ஆபீஸுக்கு எழுதினார்கள். ஐசக் சாரும் ரகுவும் காலையிலிருந்து சாயங்காலம் வரை திருடனைத் தேடினார்கள். திருடன் புதுக்கடையில் பிள்ளைக்கு மரச்சீனிக் கிழங்கு மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ரகு கூப்பிட்டு, "இன்னிக்கு நீங்க படிச்ச மீன் ஒண்ணுகூட சர்வர்ல இல்லைங்க" என்றபோதுதான் விஷயம் விளங்கி, ஐசக் சாருக்குப் போன் போட்டு ஒப்புக்கொண்டேன். இனி ஒரே ஒரு பதிப்புதான் பாக்கி என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னார்: "பிழை எல்லாரும் செய்யதுதான் பிள்ளே. ஆனா அதை யாருக்கும் தெரியாம அழகா தூத்துத் தொடச்சு வச்சே பாரு, எனக்கு ஒரு நாள் போனது அதுக்கு."

மூணாம் பதிப்பு: ததததத

மூன்றாம் பதிப்புக்கு ஒரு நோட்டில் பன்னிரண்டு படிகள் எழுதி வைத்து, ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். முதல் படி, சர்வரில் எல்லாருடைய நிரலையும் சேர்த்து வைக்கிற ஆபீஸ் பெட்டகத்திலிருந்து ஃபைல்களைப் புதிதாக இறக்கிக் கட்ட வேண்டும். அன்று நெட் ஆமை வேகம். என் கம்ப்யூட்டரிலேயே அதே ஃபைல்கள் திறந்து கிடக்கின்றன, எல்லாம் ஒன்றுதானே என்று அதற்கு டிக்கை மட்டும் அடித்தேன். பதிப்பு எண்ணை மாற்ற வேண்டிய வரி, திரையில் வருகிற செய்திகள் எல்லாம் இருக்கிற ஃபைலில் இருந்தது. ஜெனி மடியில் இருந்தாள். எண்ணை மாற்றினேன், சேமித்தேன், கட்டினேன். தேதி சரி, குறிப்பு ஃபைல் உள்ளே, ரகுவுக்குப் படித்த மீன் அத்தனையும் ஒத்தது. "சூப்பருங்க" என்று போனை வைத்தார். நான் மாமியிடம், "வேலை நிலைச்சுட்டு மாமி" என்றேன். மாமி அதற்கென்றே அயிலை வாங்கப் போனார்.

மத்தியானம் ஜெனிக்குச் சோறு ஊட்டும்போது அவள் எட்டி ஒரு விரலால் 'த' எழுத்தை அழுத்திப் பிடித்தாள். திரையில் த த த என்று ஓடியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் காலையிலும் பார்த்த ஞாபகம். சோற்றுக் கையோடு ஏற்றிய பொதியை இறக்கிப் பிரித்துப் பார்த்தேன். தவணை தாண்டிய வாசகருக்குத் திரையில் காட்டுகிற வரி, 'நூலைத் திருப்பித் தரவும்ததததத' என்று இருந்தது. அதன் மேல் என் கையெழுத்து, அப்பழுக்கில்லாமல். கையெழுத்து 'இது சீலி அனுப்பியது' என்றுதான் சொல்லும், 'சீலி கவனமாக அனுப்பினாள்' என்று சொல்லாது.

சர்வரில் பார்த்தேன், இதுவரை இறக்கியது ஒரே ஒருவர். ஐந்து எழுத்தை அழித்து, அதே எண்ணில் கட்டி வைத்துவிட்டால் ஒருவேளை யாருக்குமே தெரியாது. வேலை நிலைக்கும், அயிலைக் குழம்பும் கொதிக்கும். கட்டளையைப் பாதி அடித்தும்விட்டேன். ஜெனி மடியிலிருந்து இறங்க மாட்டேன் என்றதால் ஒரு கைதான் மிச்சம், அந்த ஒரு கையால் என் சாவி திறக்காது. மாமியும் சந்தையில். சும்மா இருந்த அந்தக் கையால் போனை எடுத்து ஐசக் சாரைக் கூப்பிட்டு, ததததத வரை எல்லாவற்றையும் சொன்னேன். "மூணாவதும் போச்சு சார். சாவியை யாருக்குக் குடுக்கணும்னு சொல்லுங்க" என்றேன். ஐசக் சார் சொன்னார்: "அந்தப் பொதியை அப்படியே விட்டுரு, இதுல பிழை உண்டுன்னு பக்கத்தில எழுது, திருத்தினதுக்கு அடுத்த நம்பர் போடு. எனக்குத் தெரியாத ஒரு பிழையை நான் கேக்காமலே நீ வந்து சொன்னது இன்னைக்குத்தான். இனி புதுசா ஒருத்தனை இதுக்குப் பழக்க எனக்கு வயசில்ல, சாவி உனக்க கையிலயே இருக்கட்டும்."

திருப்பித் தர மாட்டேன்

அந்த ஒரே ஒருவர் யாரென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். செல்வின் சாரைக் கூப்பிட இரண்டு நாள் கழித்துத்தான் தைரியம் வந்தது. "சார், நீங்க இறக்கின பதிப்புல ஒரு சின்னப் பிழை. அடுத்த எண்ணுல திருத்தி வச்சிருக்கேன், பழையதை எடுத்துட்டு அதைப் போட்டுக்கிடுங்க" என்றேன். எந்தப் பிழை என்று கேட்டார். சொன்னேன். "அந்தத் தததததவா?" என்றார். கையெழுத்தைச் சரிபார்த்தாராம், சரியாக இருந்ததாம், அதனால் அதையும் நாங்கள் வேண்டுமென்றே வைத்ததாகத்தான் நினைத்தாராம்.

போட்டது முதல் பையன்கள் அந்த வரியைப் பார்க்கவென்றே வருகிறார்களாம். ஒருத்தனுக்குத் திரையில் அது வந்தால், மற்றவர்கள் எல்லாம் அவன் பின்னால் "தா தா தா தா தா" என்று வகுப்பு வரைக்கும் கத்திக்கொண்டு போகிறார்களாம். அதற்குப் பயந்து, போன வருஷம் எடுத்துப்போன புத்தகம்கூட அலமாரிக்கு வந்துவிட்டதாம். நான் விடாமல், "இருந்தாலும் பிழை பிழைதானே சார், புதுசைப் போட்டுருங்க" என்றேன். கையேட்டில் ஒரு வரி விடாத செல்வின் சார் முதல்முறையாக எங்கள் பேச்சைத் தட்டினார்: "புதுசை இறக்கி வச்சுக்கிடுதேன், கையெழுத்தையும் சரிபாத்து வச்சுக்கிடுதேன். ஆனா போட மாட்டேன் கேட்டியளா, இதுக்கு முன்ன நீங்க அனுப்பின எதுவும் எனக்கு ஒரு புத்தகத்தைத் திருப்பித் தந்ததில்ல."

ஆக, நான் ரெண்டு கையாலும் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கையெழுத்துப் போட்ட அத்தனை பொதியிலும், ஒரு வாடிக்கையாளர் விட மாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்ட ஒரே வேலை, கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தி ஒற்றை விரலால் செய்தது.